அந்தத் தழும்பை அழித்தது நான்தான்

ஸ்டூடியோப் பிள்ளைகளே, இணையத்தில் எந்தப் பக்கத்தில் எந்த அளவில் படம் போடுவது என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தரமாட்டேன். அகலம் இத்தனை, உயரம் இத்தனை என்று இன்றைக்கு எழுதினால் ஆறு மாதத்தில் எல்லாம் மாறிவிடும். அதோடு அந்தக் கணக்கெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

போன வாரம் நம் வெள்ளவத்தை ஸ்டூடியோவில் செய்த ஓர் அஞ்சலிப் படம் என் போனுக்கு வந்தது. இறந்தவருக்கு எண்பத்திரண்டு வயது என்று கீழே போட்டிருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. கழுத்தில் ஒரு கோடு கிடையாது. கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி வைத்த மாதிரி ஒரு முகம். அந்த அம்மா கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். நல்ல கறுப்பு. சிரித்தால் கண்ணே தெரியாத அளவுக்கு முகம் சுருங்கும். பெயரை வாசித்த பிறகுதான் எனக்கே ஆள் யாரென்று விளங்கியது. உங்களில் யார் அந்தப் பட்டனைத் தட்டினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இருபது வருடம் அதைத் தட்டியவள் நான்தான்.

அந்தப் பட்டனின் கதை உங்களுக்குத் தெரியாது. முன்பு கல்யாண ஆல்பம் செய்யும்போது மணமகளின் முகத்தை வெள்ளையாக்கி, பருவையும் தழும்பையும் அழித்து, ஒட்டிய கன்னத்தை நிரப்பி, தோலை மழமழப்பாக்க ஒரு படத்துக்கு அரை மணித்தியாலம் போகும். நம் முதலாளி அதையெல்லாம் சேர்த்துக் கணினியில் ஒரே தட்டில் நடக்கும்படி செய்துவைத்தார். அதற்குக் ‘கல்யாண செட்டிங்’ என்று நாங்கள் பெயர் வைத்தோம். கல்யாணத்துக்கு வந்தது பிறகு பூப்புனித நீராட்டு விழாவுக்கு வந்தது, அடையாள அட்டைப் படத்துக்கு வந்தது, செத்தவர்களுக்கும் வந்தது. முகம் திரையில் விழுந்தால் முதலில் அந்தப் பட்டன், பிறகுதான் மற்ற வேலை. கோயிலுக்குள் போனால் செருப்பைக் கழற்றுகிற மாதிரி விரல் தானாகப் போகும்.

“கஸ்டமர் தன்ர முகத்தைப் பார்த்துச் சந்தோசப்பட வேணும், பத்மா. அதுக்குத்தான் எங்களிட்ட வருகினம்,” என்பார் முதலாளி. யாரும் கறுப்பாக்கச் சொல்லி வந்ததில்லை என்பதும் உண்மைதான். அதனால் நாங்கள் யாரையும் கேட்பதில்லை. கேட்காமலே செய்வதுதான் எங்கள் கடையின் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மரியாதையாம்!

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருக்கிறேன், ஜெயந்தி ஓடி வந்தாள். காலி வீதியில் நமக்கு எதிர்ப் பக்கம் உள்ள புடவைக் கடையில் வேலை செய்த பிள்ளை. அவளும் கொட்டாஞ்சேனைதான். ஒரே பஸ்ஸில் வந்து போகிற பழக்கம்.

“அக்கா, அப்பாவக் காணல்ல. நேத்துக் காலையில பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவர், இன்னும் வரல்ல.”

அவளுடைய அப்பாவுக்கு அப்போது எழுபது கடந்திருக்கும். ஞாபகம் குறைந்துகொண்டு போனது. பேரைக் கேட்டால் சில நாள் சொல்லுவார், சில நாள் சிரிப்பார். சீனி வருத்தமும் இருந்தது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஊசி போடாமல் ஒரு நாள் போய்விட்டது.

“பொலிஸில சொல்லிட்டேன் அக்கா. நீங்க ஒரு நோட்டீஸ் செஞ்சு தாங்க, முகநூல்ல போட. எல்லாரும் பாப்பாங்கதானே.”

படம் அவளுடைய போனில் இருந்தது. அவளுடைய கல்யாணத்தில் எடுத்தது. ஓரமாக நிற்கிறார் மனுசன். நல்ல கறுப்பு, ஒட்டிய கன்னம். இடது கன்னத்தில் காதுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரைக்கும் ஒரு தழும்பு, கயிறு ஒட்டிவைத்த மாதிரி. இளவயதில் இரத்மலானையில் ஒரு ஃபெக்டரியில் வேலை செய்தபோது மெஷின் பெல்ட் அறுந்து அடித்ததாம். அவளே சொன்னாள். “அந்தத் தழும்ப மறக்காமப் போடுங்க அக்கா. அதப் பாத்தா யாருக்கும் அவரத் தெரியும்.”

நான் போட்டேன். எழுத்தில் போட்டேன். ‘இடது கன்னத்தில் தழும்பு உண்டு’ என்று ஒரு வரி, நீலச் சாரம், வெள்ளைச் சேட் உடுத்தியிருந்தார் என்று இன்னொரு வரி, அதற்குக் கீழே போன் நம்பர். அதையெல்லாம் தட்டுவதற்கு முன்பே என் விரல் அந்தப் பட்டனுக்குப் போய் வந்துவிட்டது. நான் தட்டியது எனக்கே ஞாபகம் இல்லை. பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு நொடி என் தலைக்குள் எங்கேயும் பதிந்திருக்கவில்லை.

முதலாளி வந்து பின்னால் நின்று பார்த்தார். “நல்லா இருக்கு. மேல எங்கட கடைப் பேரைப் போடும். இலவசமாத்தானே செய்யிறம், நாலு பேருக்குத் தெரியட்டும்.” எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டேன். பெரிதாகவே போட்டேன். சொன்னதைச் செய்துவிட்டு மனதுக்குள் முணுமுணுக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. அப்படிப்பட்டவர்களால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கடைப் பெயர் மேலே வந்ததும் படம் கீழே இறங்கியது, எழுத்து அதற்கும் கீழே இறங்கியது. சுவரில் ஒட்டுகிற அஞ்சலி நோட்டீஸ் அளவுக்கு நீளமாக ஒரு தாள். அதையே அப்படியே, ஜெயந்தியின் நம்பரைப் பதிவிலும் எழுதி, முகநூலிலும் போட்டேன். போனில் பார்க்கிறவனுக்கு அந்த நீட்டுப் படத்தின் மேல் பாதி மட்டும்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? ஆயிரம் தடவை செய்த வேலை. கடை விளம்பரம் என்றால் ஐந்து போனில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் விடுவேன். காணாமல் போன மனுசனுக்கு ஒரு போனில் கூடப் பார்க்கவில்லை. அவசரம் என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன்.

ஜெயந்தி திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்பா என்னமோ வேற மாதிரி இருக்கிறாரு அக்கா.”

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். “இந்த ஸ்க்ரீன் வெளிச்சம் கூட, பிள்ளை. போன்ல பார்க்கச் சரியா இருக்கும்.”

பெற்ற மகள் சொல்கிறாள், இது வேற மாதிரி என்று. இருபத்தெட்டு வருட அனுபவம் அவளுக்குப் பதில் சொல்கிறது, உனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று. அவள் நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? இப்போது எழுதும்போதும் எனக்கு என் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

படம் போனது. அடேயப்பா, என்ன வேகம்! பின்னேரம் ஆகுமுன் கனடாவில் இருக்கிற என் தம்பி எனக்கே அதைத் திருப்பி அனுப்பினான். முதலாளி எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்று அரை மணிக்கொரு தடவை பார்த்து எனக்குச் சொன்னார். கீழே கைகூப்புகிற பொம்மைகளும் அழுகிற பொம்மைகளும். ‘நல்ல வேலை செய்கிறீர்கள்’ என்று ஸ்டூடியோவுக்குப் பாராட்டு வேறு. புதன்கிழமையும் அப்படியே போனது. பாராட்டு வந்தது, ஆள் வரவில்லை.

வியாழன் காலை ஜெயந்திக்கு ஒரு போன் வந்தது. கொலன்னாவையிலிருந்து ஒருவர். “நீங்க போட்ட படத்தில இருக்கிற ஐயாவேதான். எண்ணெய்த் தாங்கிப் பக்கத்தில பஸ் ஹோல்ட்ல இருக்கிறார். அச்சு அசல் அவரேதான்.” ஜெயந்தி அழுதுகொண்டே கடைக்கு வந்தாள். முச்சக்கரவண்டி பிடித்து இரண்டு பேரும் போனோம். வழியெல்லாம் அவள் மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே ஊசி மருந்து, ஐஸ் கட்டி போட்ட ஃபிளாஸ்கில்.

பஸ் ஹோல்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தோல், பளபளவென்ற கன்னம். அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவராம், பேரனை டியூஷனுக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நாங்கள் ஏன் அவரைச் சுற்றி நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. போன் பண்ணிய மனுசன் என்னிடம் தன் போனை நீட்டினார். கோபத்தோடு நீட்டினார். “பாருங்க அக்கா, நீங்களே பாருங்க. இவர்தானே?”

பார்த்தேன். அவர் சொன்னது சரி. என் படத்தில் இருந்தவர் அந்தக் கிளார்க் ஐயாதான். ஜெயந்தியின் அப்பா அதில் இல்லவே இல்லை. கறுப்பு இல்லை, ஒட்டிய கன்னம் இல்லை, தழும்பு இல்லை. தழும்பைப் பற்றி எழுதிய வரியும் இல்லை, அது கீழே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. தொட்டுத் திறந்தவனுக்குத்தான் தெரியும். யார் திறப்பான்? முகத்துக்கு மேலே நம் கடைப் பெயர் மட்டும் முழுசாக, எடுப்பாகத் தெரிந்தது.

ஜெயந்தி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பி வரும்போது அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைக்கு வந்ததும் கல்யாணப் படத்தை மறுபடி திறந்தேன். பெரிய முகமாக, சதுரமாக வெட்டினேன். ஒரு புள்ளி கூடத் தொடவில்லை. படத்துக்கு மேலேயே பெரிய எழுத்தில் மூன்று வரி: காணவில்லை, இடது கன்னத்தில் தழும்பு, போன் நம்பர். என் பழைய போனில் போட்டு, வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கை நீட்டுத் தூரத்திலும் தழும்பு தெரிந்தது.

முதலாளி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்ன பத்மா செய்யிறீர்? இதென்ன, பொலிஸ் தேடுற கள்ளன்ர படம் மாதிரி? எங்கட கடைப் பேர் எங்க?”

“கடைப் பேர் இல்ல. அது இருந்ததாலதான் தழும்பு கீழ போனது.”

“கொஞ்சமாவது வெளிச்சம் போடும். இவ்வளவு கறுப்பா இருந்தா ஆர் பார்ப்பினம்?”

அன்றைக்குத்தான் முதல் தடவை அவரிடம் சத்தம் போட்டேன். “அந்த மனுசன் கறுப்பு, முதலாளி! கறுப்பா இருக்கிற ஆளத்தான் தேடுறம். நீங்களும் நானும் அவரை ரெண்டாந்தரம் துலைச்சிருக்கிறம், விளங்குதா?” கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்திருந்த ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய்விட்டார். நான் படத்தை முகநூலில் விட்டேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. இந்தத் துணிச்சல் செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை வந்து என்ன பிரயோசனம்?

ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, போன் வந்தது. பேலியகொடை மீன் சந்தையிலிருந்து. மொத்தமாக மீன் வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் நானா. ஜெயந்தி போனை என்னிடம் நீட்டினாள், நான்தான் கதைத்தேன்.

“தங்கச்சி, இந்த ஆள் இங்கதானே ஈந்தார். திங்கக்கிழமையில இருந்து என்ட கடைக்கு முன்னாலதான். நான்தான் சாப்பாடு குடுத்த. இரத்மலானை பஸ் எங்க வருது, வேலைக்குப் போகணும் என்டு கேட்டுட்டே ஈந்தார். நேத்து அசருக்குத் தொழுதுட்டு வந்து பாத்தா ஆளக் காணல்ல.”

நேற்றுப் பின்னேரம். மூன்று நாள் ஒரே இடத்தில் இருந்திருக்கிறார். நாங்கள் அரை மணிக்கொரு தடவை பகிர்வை எண்ணிக்கொண்டிருந்தபோது, நம் வெள்ளவத்தைக் கடையிலிருந்து ஒரு பஸ் ஏறி இறங்குகிற தூரத்தில் இருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை களனி ஆற்றங்கரையில், மரம் அறுத்து விற்கிற மரக்காலை ஒன்றின் பின்னால், அந்த நானாவின் ஆட்கள்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. காலில் செருப்பு இல்லை. இடது பாதத்தில் ஆணி ஏறிப் பழுத்திருந்தது. சீனி ஏறிய உடம்பு, ஊசி போடாத நாலு நாள். பெரியாஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆணி புதன்கிழமைக்குப் பிறகுதான் ஏறியிருக்க வேண்டும், சந்தையில் இருக்கும்போது நன்றாக நடந்தார் என்று நானா சொன்னார். டாக்டரம்மா ஜெயந்தியிடம், முந்தநாள் கொண்டு வந்திருந்தால் பாதத்துக்கு ஒன்றுமே ஆகியிருக்காது என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும் அது யாருக்குச் சொன்ன வார்த்தை என்று.

அன்றைக்கே முதலாளியிடம், நம் படத்தால் வந்தது என்று சொன்னேன். அவர் நல்ல மனுசன்தான், ஆஸ்பத்திரிச் செலவுக்கெல்லாம் உதவினார். ஆனால் ஒரு வார்த்தை சொன்னார். “ஞாபகம் இல்லாத மனுசன், பத்மா. எங்க போய் என்ன நடந்திருக்குமோ, படத்தில என்ன கிடக்கு?” உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சாக்கு எனக்கும் இனித்தது. ஒரு நாள் இரவு நிம்மதியாகத் தூங்கக் கூடத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் அந்த நானா தோடம்பழப் பையோடு வார்ட்டுக்கு வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். முதல் நோட்டீஸ். அவர் அதைப் புதன்கிழமை காலையே பார்த்திருக்கிறார். பார்த்ததோடு விடவில்லை, தன் சந்தைக் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறார், ‘பாவம், யாராவது கண்டால் சொல்லுங்க’ என்று எழுதி. அனுப்பும்போது இவர் அவருக்கு முன்னால் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

“நான் அவருக்கிட்டயே காட்டின தங்கச்சி. எல்லாருக்கிட்டயும் கேட்ட மாதிரி, ‘இந்த ஆளக் கண்டீங்களா’ என்டு கேட்டேன். போன வாங்கி நல்லாப் பாத்தார். ‘இல்ல, பெரிய இடத்து ஆள் போல இருக்கு, நான் கண்டதில்ல’ என்டார்.”

முதலாளி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் இல்லாத மனுசன், தன்னையே தெரியாதவர். ஒரு நொடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போனேன். ஜெயந்தி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் போனில் இரண்டாவது நோட்டீஸை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவர் முன்னால் பிடித்தேன்.

ஜெயந்தியின் பெயரைக் கூட அன்றைக்கு அவர் சொல்லவில்லை, “யாரும்மா நீங்க” என்றுதான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கிக் கிட்டப் பிடித்தார். ஊசி குத்திய கையைத் தூக்கி, படத்தில் இருந்த தழும்பின் மேல் விரலை வைத்து, காதடியிலிருந்து வாயோரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு அதே விரலைத் தன் கன்னத்தில் வைத்தார்.

“இரத்மலானையில பெல்ட் அடிச்சது,” என்றார். “இது நான்.”